பங்கு விகிதத்துக்கு முன் முன்பணத் தேதி

வட கானாவில் ஷியா மரத்தின் பழங்கள் உதிரத் தொடங்குவது மே மாதவாக்கில். பழக் கொட்டைக்குள் இருக்கும் பருப்பிலிருந்துதான் ஷியா வெண்ணெய் என்ற கொழுப்பை எடுக்கிறார்கள். ஆகஸ்ட் வரை பெண்கள் விடியற்காலையில் கிளம்பிப் போய்ப் பொறுக்குகிறார்கள். பாம்பும் தேளும் உள்ள புதர்களுக்குள் கையை விட வேண்டிய வேலை. வீட்டில் போன வருடத் தானியம் தீர்ந்து, புது அறுவடை இன்னும் வராமல் இருக்கும் மாதங்களும் அவைதான். சோளம், மருந்து, பள்ளிக்கூடச் செலவு என்று எல்லாவற்றுக்கும் கையில் காசு வேண்டும். அப்போது பணத்தோடு வந்து நிற்பவர் சொன்னதுதான் விலை. சில மாதம் வைத்திருந்தால் கூடுதலாகக் கிடைக்கும் என்று தெரிந்தே பருப்பை விற்றுவிடுகிறார்கள்.

லண்டனிலோ அட்லாண்டாவிலோ வாழும் ஒருவர் வட கானா நகரமான டமாலே பக்கத்துப் பெண்கள் சங்கம் ஒன்றோடு சேர்ந்து ஷியா வெண்ணெய்த் தொழில் தொடங்கும்போது, பேச்சு பெரும்பாலும் பங்கு விகிதத்தில் ஆரம்பிக்கிறது. பாதிப் பாதியா, அறுபது நாற்பதா என்று. கானாவின் 2013-ஆம் ஆண்டு முதலீட்டு மேம்பாட்டுச் சட்டம் (சட்ட எண் 865) வெளிநாட்டவரோடு சேரும் உள்ளூர்க் கூட்டாளிக்குக் குறைந்தது 10 சதவீதப் பங்கு இருக்க வேண்டும் என்றது. குறைந்தபட்சமாக வைத்த அந்த 10 சதவீதத்தையே உச்சவரம்பாக எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. ஆனால் பங்கு என்பது லாபம் வந்த பிறகு பிரிப்பது. லாபம் வரும்வரை யாருடைய பணம் முடங்கிக் கிடக்கிறது, நஷ்டம் வந்தால் யார் தலையில் விழுகிறது என்பதிலேயே கூட்டு நியாயமானதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

கணக்கு இப்படிப் போகிறது. கையால் கடைந்து எடுக்கும் முறையில் 1 கிலோ வெண்ணெய்க்குச் சுமார் 3 கிலோ உலர்ந்த பருப்பு வேண்டும். 1 டன் வெண்ணெய் என்றால் 3 டன் பருப்பு, அதாவது 85 கிலோ மூட்டைகளில் முப்பத்தைந்து. இதை வருடத்துக்கும் சேர்த்து ஜூன் முதல் ஆகஸ்டுக்குள் வாங்கி வைத்தாக வேண்டும். கப்பல் புறப்படுவது நவம்பரிலோ ஜனவரியிலோ இருக்கலாம். சரக்கு வந்து 90 நாளில் பணம் என்று வெளிநாட்டுக் கூட்டாளி எழுதினால், அந்த 90 நாளுக்கான கடனைச் சங்கம்தான் சுமக்கிறது. கானாவில் வங்கிக் கடன் வட்டி ஆண்டுக்கு 30 சதவீதத்தை ஒட்டி ஓடிய காலத்தில் அந்த ஒரு வரியின் விலை, சரக்கு மதிப்பில் ஏறக்குறைய ஏழரை சதவீதம். லண்டனில் இருப்பவர் அதே தொகையை இதைவிட மிகக் குறைந்த வட்டிக்குத் திரட்ட முடியும். மலிவாகப் பணம் கிடைக்கும் இடத்தில் இருப்பவர் பணத்தை முன்னால் போடுவதுதான் கூட்டின் முதல் நியாயம்.

நடைமுறையில் ஒத்துவரும் ஒரு ஏற்பாடு: மதிப்பிட்ட கொள்முதல் தொகையில் பாதி மே மாத இறுதிக்குள், 30 சதவீதம் வெண்ணெய் பெட்டியில் அடைபட்டுத் தரம் பார்த்த அன்று, மீதி டெமா துறைமுகத்தில் கப்பல் ஆவணம் கைக்கு வந்ததும். டமாலேயிலிருந்து டெமாவுக்கு 600 கிலோமீட்டருக்கு மேல். லாரி வாடகை யார் பொறுப்பு என்பதையும் இங்கேயே எழுதிவிட வேண்டும்.

முன்பணம் போனால் மட்டும் போதாது, அளவையும் பார்க்க வேண்டும். ஊர்ச் சந்தையில் பருப்பு கிண்ணக் கணக்கில் கைமாறுகிறது. கிண்ணத்தில் கூம்பாகக் குவித்தால் தட்டையாக அளந்ததைவிட எவ்வளவோ கூட வரும், அந்தக் கூடுதல் பொறுக்கியவருக்குப் போவதில்லை. சங்கத்துக்கு ஒரு தராசு வாங்கிக் கொடுப்பது பெரிய செலவில்லை. அதை எல்லாரும் பார்க்கும் இடத்தில் வைத்து, எடையை அவரவர் அட்டையில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

தரச் சண்டைதான் இந்தத் தொழிலில் கூட்டுகளை அதிகம் உடைக்கிறது. ஷியா நம்ம ஊர் இலுப்பையின் குடும்பத்தைச் சேர்ந்த மரம். எண்ணெய் வித்துகளோடு பழகியவர்களுக்கு மிச்சத்தைச் சொல்லாமலே புரியும். பொறுக்கிய காயை ஈரத்தோடு குவித்து வைத்தால் முளை கட்டும், பூஞ்சை பிடிக்கும், கொழுப்பு சிதைந்து அமிலம் ஏறும். சில நாளுக்குள் வேகவைத்து, வெயிலில் காயவைத்து, ஓடு நீக்கி, பருப்பின் ஈரத்தை 7 அல்லது 8 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும். சுத்திகரிக்காத ஷியா வெண்ணெய்க்கான ஆப்பிரிக்க வட்டாரத் தரநிலையில் தனிக் கொழுப்பு அமிலம் 1 சதவீதம் வரை முதல் தரம், 3 வரை இரண்டாம் தரம், 8 வரை மூன்றாம் தரம். மூன்றாம் தரத்தைச் சோப்புக்காரர்களும் சுத்திகரிப்பு ஆலைகளும் வாங்குவார்கள், முகத்தில் பூசும் களிம்புக்கு ஆகாது. ஏறிய அமிலத்தைச் சுத்திகரிப்பு ஆலைக்குப் போகாமல் இறக்கவே முடியாது.

ஆகவே நல்ல விலையை வெண்ணெய்க்குக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டு, பருப்புக்கு எல்லாருக்கும் ஒரே விலை வைப்பது வீண். கெட்டுப்போவது பருப்பில், அதனால் தரத்துக்கான கூடுதல் பணம் பருப்பு வாங்கும் அன்றே கொடுக்கப்பட வேண்டும். ஈரமானி ஒன்றும் அமிலச் சோதனைச் சாமான்களும் சங்கத்தின் அறையிலேயே இருக்கட்டும். சோதனை கடினமானதல்ல. எடை பார்த்த வெண்ணெயை ஆல்கஹாலில் சூடாகக் கரைத்து, நிறம் மாறிக் காட்டும் பினால்ப்தலீன் சில துளி விட்டு, சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். இளஞ்சிவப்பு வந்து 30 நொடி கலையாமல் நின்றால் அதுதான் நிறுத்தும் இடம், அதுவரை இறங்கிய கரைசலே அமில அளவைச் சொல்லும். முதலில் வந்து உடனே மறையும் நிறத்தைக் கணக்கில் எடுப்பதுதான் வழக்கமான தவறு, அமில அளவைக் குறைத்துக் காட்டிவிடும்.

வெண்ணெயின் ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியிலும் மூன்று மாதிரி எடுத்து முத்திரை வைக்க வேண்டும். ஒன்று சங்கத்திடம், ஒன்று வாங்குபவரிடம், ஒன்று இருவரும் ஒப்புக்கொண்ட ஆய்வகத்தில். தகராறு வந்தால் மூன்றாவதன் முடிவே முடிவு. லண்டனில் பெட்டியைத் திறந்துவிட்டு, சரியில்லை, பாதி விலைதான் என்று மின்னஞ்சல் அனுப்பும் வழியை இது அடைக்கிறது. சரக்கு அங்கே போய்ச் சேர்ந்த பிறகு திருப்பி வரவழைக்கும் வசதி எந்தப் பெண்கள் சங்கத்துக்கும் கிடையாது. அந்த மின்னஞ்சலுக்கு முன்னால் அவர்கள் நிராயுதபாணிகள்.

இதில் ஒரு வகைப் புகாரைத் தனியாகச் சொல்ல வேண்டும்: வெண்ணெய் மணல் மணலாக இருக்கிறது, கலப்படம். பெரும்பாலும் கலப்படமில்லை. கன்டெய்னர் வெயிலில் உருகி, பிறகு மெதுவாக ஆறும்போது ஸ்டியரிக் வகைக் கொழுப்பு தனியாக உறைந்து குருணை கட்டுகிறது. முழுவதும் உருக்கி, வேகமாகக் குளிரவைத்தால் சரியாகிவிடும். இந்த வேலையும் செலவும் யாருடையது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி வேண்டும். பயணத்தின் வெப்பத்துக்குக் கடைந்தவர்கள் பொறுப்பில்லை.

நாணயம் அடுத்தது. கானாவின் நாணயம் செடி. 2022 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு சுமார் 6 செடி, அந்த நவம்பரில் 14-ஐத் தொட்டது. டாலரில் விற்றவர் அந்த வருடம் பிழைத்தார், செடியில் விலை பேசியவர் நொந்தார். 2025-ல் நேர்மாறு: ஏப்ரலில் 15-க்கு மேல் இருந்தது மே கடைசியில் 10 சொச்சத்துக்கு வந்தது. ஆயிரம் டாலர் விலைப்பட்டியலுக்கு 15,000 செடி வரும் என்று பருப்பு வாங்கியவர் கையில் பத்தாயிரத்துச் சொச்சமே வந்தது. கானா மத்திய வங்கியின் விகிதத்தை அடிப்படையாக வைத்து, 5 சதவீதத்துக்கு மேல் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் வித்தியாசத்தை இருவரும் பாதிப் பாதி ஏற்பது என்று எழுதுவது எளிது. சிறு தொகைகளுக்கும் இதே கவனம் வேண்டும். 2022 மே மாதம் மொபைல் பணப் பரிமாற்றத்துக்கு 1.5 சதவீத வரி வந்தது, பின்னர் 1 ஆகி, 2025-ல் நீங்கியது. இருந்த காலத்தில் அது யார் கணக்கில் கழிந்தது என்பதைப் பார்த்தாலே கூட்டின் தன்மை தெரியும்.

வெளிநாட்டுத் தரப்பின் உழைப்பைக் குறைத்துச் சொல்வதும் நியாயமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு களிம்பு விற்க, அழகுப்பொருள்களுக்கான 1223/2009 விதிமுறைப்படி பொறுப்பாளர் ஒருவர் அங்கே இருக்க வேண்டும், பாதுகாப்பு மதிப்பீடு வேண்டும், அந்தப் பொருளின் ஆவணக் கோப்பைக் கடைசித் தொகுதி சந்தைக்கு வந்த பிறகு 10 ஆண்டு வைத்திருக்க வேண்டும். இந்தச் செலவுகளை ரசீதோடு சங்கத்துக்குக் காட்டுவது நல்லது. காட்டாதபோது, இங்கே ஒரு டப்பா என்ன விலைக்கு விற்கிறது என்று யாரோ ஒரு உறவினர் அனுப்பும் புகைப்படம் டமாலேவுக்கு வந்து சேரும். அதன் பிறகு எந்த விளக்கமும் எடுபடாது.

2019-ஐக் கானா திரும்பிவரும் ஆண்டாக அறிவித்த பின், கானாவில் பிறக்காத, அட்லாண்டிக் அடிமை வணிகத்தில் கடத்தப்பட்டவர்களின் வழிவந்த அமெரிக்கர்களும் இத்தொழிலுக்கு வருகிறார்கள். அவர்களுக்கு ஊரில் அண்ணனோ மாமாவோ இல்லை. டமாலேயில் பிறந்து லண்டன் போனவருக்கு உண்டு, சங்கக் கணக்கை உறவினர் கையில் விடும் ஆபத்தும் கூடவே உண்டு. இரண்டு பேருக்கும் பொருந்துவது ஒன்று: வங்கிக் கணக்கில் சங்கத்தின் இரண்டு பெண்களின் கையெழுத்து, எந்தப் பக்கத்து உறவினரின் கையெழுத்தும் கிடையாது.

வணிகப் பெயரை யார் பதிவு செய்வது என்பதையும் முதல் மாதமே முடிக்க வேண்டும். கிராமத்தின் பெயரும் பெண்களின் படமும் டப்பாவில் இருக்க, வணிகப் பெயரின் பதிவு மட்டும் வெளிநாட்டில் ஒருவர் பெயரில் இருந்தால், பிரியும் நாளில் சங்கத்திடம் பானைகள்தான் மிஞ்சும். வணிகப் பெயர்களைப் பல நாடுகளில் பதிவதற்கான மாட்ரிட் ஏற்பாட்டில் கானா உறுப்பு நாடு, அங்கே கூட்டு நிறுவனத்தின் பெயரில் பதிந்து பிற நாடுகளுக்கு விரிக்கலாம். பிரிந்தால் இருப்புச் சரக்கைப் பழைய லேபிளோடு விற்க ஆறு மாதம், வாடிக்கையாளர் பட்டியல் இருவருக்கும், படங்கள் உடனே நீக்கம். வழக்கு வந்தால் நடுவர் மன்றம் அக்ராவில் உட்காரட்டும். வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகளை மதித்து நிறைவேற்றுவதற்கான நியூயார்க் உடன்படிக்கையைக் கானாவும் பிரிட்டனும் அமெரிக்காவும் ஏற்றவை என்பதால் அந்தத் தீர்ப்பு அங்கேயும் செல்லும். லண்டன் நீதிமன்றம் என்று எழுதினால் டமாலேயிலிருந்து விசா எடுத்து வக்கீல் வைத்து வழக்காட யாரும் போகப்போவதில்லை.