ஆறாம் நாள் கேட்ட கேள்வி

“சிஸ்டர், அன்னிக்கு நான் பொழைக்க மாட்டேன்னு நெனச்சீங்களா?” என்று அந்தப் பெண் கேட்டது ஆறாம் நாள் காலையில், நான் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது. “அதெல்லாம் எதுக்கும்மா இப்ப? புள்ளையப் பாரு, எவ்வளவு நல்லா இருக்கான்” என்றேன். பிள்ளையைப் பார்த்தாள். பிறகு என்னிடம் அவள் எதையும் கேட்கவில்லை.

சுகப்பிரசவத்தில் 500 மில்லிக்கு மேல் இரத்தம் போனாலே மிகை என்பது கணக்கு. அவளுக்கு அதைப்போல் பல மடங்கு போயிருந்ததை, நனைந்த துணிகளை எடைபோட்ட பிறகுதான் அறிந்தோம். கருப்பை சுருங்கவில்லை, ஊசி மருந்துகளுக்கும் அடங்காத இரத்தப்போக்கு, கருப்பைக்குள் அழுத்திப் பிடிக்கும் பலூனை வைத்த பிறகே நின்றது. கருப்பையையும் காப்பாற்றிவிட்டோம் என்ற பெருமிதம் எங்களுக்கு இருந்தது, அது பொய்யுமல்ல.

ஆனால், “பாண்டிச்சேரி வரைக்கும் தாங்குமா?” என்று டாக்டர் கேட்டதும், “பிபி கிடைக்கல” என்று நான் உரக்கச் சொன்னதும் அவள் தலைமாட்டில்தான். அவசரத்தில் உரக்கச் சொல்வதே எங்களுக்குக் கற்பிக்கப்பட்ட முறை. முணுமுணுத்தால் உயிர் போய்விடும். அவள் கண்கள் மூடியிருந்ததால் காதும் மூடியிருக்கும் என்று எண்ணிவிட்டேன் போலும். அத்தனை பேர் இருக்க, அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டது என் குரலை அடையாளம் கண்டதால்தானோ?

பேறுகால அதிர்ச்சிக்குள்ளானவர்களை, நடந்ததை ஒரே அமர்வில் மனத்தில் மீண்டும் வாழ்ந்துபார்க்க வைக்கும் சிகிச்சை வேண்டாம் என்று பிரிட்டனில் மருத்துவ நெறிமுறைகளை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பின் வழிகாட்டுதல் கூறுவதைப் பிற்பாடு படித்தபோது, நான் செய்தது சரிதான் என்று சற்று ஆறுதலடைந்தேன். அந்த ஆறுதல் நிலைக்கவில்லை: நான் அவளை உட்காரவைத்துக் கிளறவில்லை, அவளாகத்தான் கேட்டாள். மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வை அறிய 1987 முதல் பயன்படும் எடின்பரோ வினாத்தாளின் 10 கேள்விகளும் கடந்த 7 நாள் மனநிலையைத்தான் கேட்கின்றன. பிரசவ அறையில் நடந்ததைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. எங்கள் பதிவேட்டிலோ அந்த அளவுக்குக்கூட இல்லை. பிரசவம் மறுபிறப்பு என்று அவள் மாமியார் வார்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார், நானும் தலையாட்டினேன்.

‘ஆமாம்மா, பயந்துட்டோம்’ என்று சொல்லியிருக்கலாம். சொல்லி, இரவு முழுவதும் அவள் தூங்காமல் கிடந்திருந்தால்?

ஒன்றரை மாதத் தடுப்பூசிக்கு வந்திருந்தாள். வரிசையில் யாரையோ நான் உரக்க அழைக்க, அவள் பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டு வாசலைப் பார்த்தாள். பிள்ளை அப்போது அழுதுகொண்டும் இருந்தது.