வாளையாற்றின் இரு கரைகளிலும்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், வாளையாறு முதல் கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் வரை தமிழும் மலையாளமும் கலந்து பேசும் ஊர்களில், பாலியல் தொழில் செய்யும் பெண்களுக்குச் சுகாதார ஆலோசகராகப் பணியாற்றி வருகிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனைக்கும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை எச்.ஐ.வி., சிபிலிஸ் ஆகிய பால்வினைத் தொற்றுகளுக்கான ரத்தப் பரிசோதனைக்கும் அவர்களை அழைத்துச் செல்வதும், ஆணுறை கொடுப்பதும், கூட இருந்து பேசுவதும் என் வேலை.

இவர்களுக்கு விழிப்புணர்வு கிடையாது என்று வெளியில் இருப்பவர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். 1986இல் சென்னையில் மருத்துவர்கள் சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும் நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்ததே இத்தொழிலில் இருந்த பெண்களின் ரத்த மாதிரிகளில்தான், அன்றிலிருந்து எச்.ஐ.வி.யைப் பற்றி இவர்களிடம் பேசாதவர்கள் இல்லை. பேசப்படாமல் போனவை மற்றவை. துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுவதையும் அடிவயிற்று வலியையும் உடல் சூடு என்று எண்ணிப் பொறுத்துக்கொள்கிறார்கள். டெட்டால் கலந்த நீரால் உள்ளே கழுவி, புண்ணை அதிகமாக்கிக்கொள்கிறார்கள். தேங்காய் எண்ணெய் பட்டால் ஆணுறை கிழிந்துவிடும் என்பதைத் தெரியாதவர்களும் உண்டு. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனை தங்களுக்கும் உரியது என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை என்கிறார்கள்.

ஆனால் நான் கண்டவரை, அறியாமையைவிடப் பெரிய தடை, யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்ற அச்சம். கருப்பைவாய் அழற்சிக்குக் கேரள அரசு மருத்துவமனைகளில் 'புலரி' என்ற பால்வினை நோய்ச் சிகிச்சை மையங்களில் சாம்பல் நிறப் பொட்டலத்தில் மாத்திரை இலவசமாகவே கிடைக்கிறது. ஒரே வேளையில் விழுங்கிவிடலாம். சிக்கல் அதற்குப் பிறகுதான். உடன் வாழும் ஆணும் அதே மாத்திரையைச் சாப்பிட்டால்தான் தொற்று திரும்பாது. வாடிக்கையாளரிடம் ஆணுறையை வற்புறுத்தும் பெண், கணவராகவே கருதும் அந்த ஒருவரிடம் அதைப் பற்றிப் பேசுவதில்லை. பேசினால் நம்பிக்கை போய்விடும் என்று அஞ்சுகிறாள். "அவர் எதுக்குன்னு கேட்டா நான் என்ன சொல்லட்டும், அக்கா?" என்று ஒரு பெண் என்னிடம் கேட்டபோது, மருத்துவக் கையேட்டில் அதற்கு விடை இல்லை. சிறுநீரகத் தொற்று என்று பொய் சொல்லச் சொல்ல எனக்கு மனமில்லை. அந்தப் பெண் சம்மதித்தால் இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசுகிறேன்; பலர் சம்மதிப்பதில்லை.

யாருக்கும் தெரியக் கூடாது என்பதால்தான் கேரள-தமிழக எல்லை இவர்களுக்குப் பயன்படுகிறது. பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண் பாலக்காட்டுக்கு வந்து பரிசோதித்துக்கொள்கிறாள். கொழிஞ்சாம்பாறைப் பெண் கோவைக்குப் போகிறாள். தெரிந்த முகம் இல்லாத வரிசையில் நிற்பது அவர்களுக்கு ஆறுதல். ஆனால் ஒரு மாநிலத்தில் எடுத்த பரிசோதனையின் தொடர்ச்சி மற்றொன்றில் அறுந்துபோகிறது. எச்.ஐ.வி. உள்ளவர் தினமும் ஒரு மாத்திரை விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவு வழியே பிறருக்குத் தொற்றாது. இவ்வளவு பெரிய நன்மை, வேறு ஊருக்குக் குடிபோகும்போது சிகிச்சையை அந்த ஊர் மையத்துக்கு மாற்றும் கடிதம் வாங்கத் தயங்குவதாலேயே கைநழுவிப் போவதைப் பார்த்திருக்கிறேன். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் ஒருவரின் நிலையை அவர் ஒப்புதலின்றி வெளியிடுவதைத் தடுக்கிறது என்றாலும், ஒரு மருத்துவமனையில் பெயரை உரக்கக் கூப்பிட்டதற்காகவே சிகிச்சையை நிறுத்திய பெண்ணை நான் அறிவேன்.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் வாளையாற்றின் வணிகவரிச் சோதனைச் சாவடியில் லாரிகள் காத்துக் கிடந்த வரிசை மறைந்தது. சாலையோரத்தில் சந்திக்க முடிந்த பெண்கள் இப்போது கைபேசி வழியாகவே தொழில் செய்கிறார்கள். நாங்கள் தேடிப் போகும் இடம் இல்லாமலாகிவிட்டது. ஆணுறை வைத்திருப்பதைக் குற்றத்துக்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் பணித்த பின்பும், காவல் பயத்தால் பையில் ஒன்றுக்கு மேல் வைக்க மறுப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஆகவே முதல் சந்திப்பிலேயே நோயைப் பற்றி நான் கேட்பதில்லை. எந்த ஊர் மருத்துவமனை வேண்டும், எந்த நேரத்தில் அழைக்கலாம், அந்தக் கைபேசியை வீட்டில் வேறு யார் எடுப்பார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறேன். மருந்தைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.