கோடு விழாத பெயர்கள்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தால் வாக்குச்சாவடி வேலை தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். வரிசையைக் கவனித்திருக்கிறேன், சீட்டின் பின்புறம் முத்திரை குத்தியிருக்கிறேன், விடிய விடிய எண்ணியிருக்கிறேன். 2024 மே 29 பொதுத்தேர்தலில் மை வைக்கும் வேலை கிடைத்தது.

இடது கட்டைவிரலில் நகத்தையும் தோலையும் சேர்த்து ஒரு கோடு இழுக்க வேண்டும். நூறு பேருக்கு மேல் போனால் முகம் மறந்துவிடும், விரல்தான் நிற்கும். மஞ்சள் ஏறிய விரல், கிரீஸ் போகாத விரல். ஒரு ஆயா கையைச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டு, "நாளான்னிக்கு வெள்ளிக்கெழம, வெளக்கேத்தணும் தம்பி, வேற வெரல்ல வையேன்" என்றார். இதுதான் சட்டம் என்றேன். கொஞ்சம் யோசித்து, "ஏத்துறது சோத்தாங்கைதானே, போவட்டும்" என்று நீட்டினார்.

பட்டியலைச் சரிபார்க்கும் கையடக்க எந்திரம் பத்து மணிக்கே படுத்துவிட்டது. பிறகு அச்சடித்த பட்டியலில் அடிமட்டம் வைத்து ஒவ்வொரு பெயராகத் தேடிக் கோடு போட்டோம். போதாததற்கு இந்த முறை ஆளுக்கு மூன்று சீட்டு. வரிசை விளையாட்டுத் திடலைச் சுற்றிக்கொண்டு போனது.

அப்படியும் நாடு முழுக்க வந்து வாக்களித்தவர்கள், பதிவு செய்தவர்களில் 59 விழுக்காட்டை எட்டவில்லை. 1999இல் 89 விழுக்காடு. ஆசிரியர் அறையில் அடுத்த வாரம் இதே பேச்சுதான்: ஆஸ்திரேலியா மாதிரி கட்டாயமாக்கினால் தெரியும் சேதி. அங்கே 1924 முதல் கட்டாயம், வராதவருக்கு 20 டாலர் அபராதம். அங்கே குடியேறிவிட்ட என் சித்தி மகளைக் கேட்டேன். "சனிக்கிழமை வைக்கிறாங்கண்ணா. பத்து நிமிஷத்துல முடிஞ்சிரும், வெளியே வந்தா சாசேஜ் சுட்டுத் தர்றாங்க" என்றாள். அபராதம் பற்றி அவள் பேசவே இல்லை.

எனக்குக் கட்டாயம் பிடிக்காததற்குக் காரணம் அப்பா. 1984 ஆகஸ்ட் 28, எனக்குப் பன்னிரண்டு வயது. அன்றைய நிறவெறி ஆட்சியாளர்கள் நாடாளுமன்றத்தில் வெள்ளையருக்கு ஒன்று, கலப்பினத்தவருக்கு ஒன்று, இந்தியருக்கு ஒன்று என மூன்று அவை அமைத்து, கறுப்பினத்தவரை வெளியே நிறுத்திவிட்டு எங்களை வாக்களிக்கக் கூப்பிட்டார்கள். அப்பா அன்று வழக்கம்போல் வேலைக்குப் போய் வந்து, முற்றத்தில் உட்கார்ந்து செருப்பு தைத்துக்கொண்டிருந்தார். பதிவு செய்த இந்தியர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான் போனார்கள். அந்த மூன்றவை நாடகத்தின் சாயம் வெளுத்ததில் வீட்டில் உட்கார்ந்தவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அன்று அபராதம் இருந்திருந்தால் அப்பா கட்டியிருப்பார். பக்கத்து வீட்டு ஆறு பிள்ளைக்காரர் போய் நின்றிருப்பார்.

சும்மா சோம்பலில் வராதவர்களும் நிறையப் பேர் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. என் மூத்த மருமகனே ஒருவன். ஆனால் பட்டியலில் கோடு விழாத பெயர் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். அப்பாவையும் மருமகனையும் எந்த அடிமட்டம் வைத்துப் பிரிப்பது? கட்டாயப்படுத்தி ஆளைச் சாவடிக்குள் கொண்டுவரலாம், மனதை அல்ல. எண்ணும்போது செல்லாத சீட்டு ஒன்றில் எல்லாக் கட்சிக்கும் குறுக்கே "தண்ணீர்" என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதியிருந்தது. அவராவது நின்று வந்து எழுதினார்.

ராத்திரி ஒன்பதுக்குக் கதவடைத்தபோது வரிசையில் நின்றவர்களை உள்ளே விட்டோம். பட்டியலைப் புரட்டியபோது என் பழைய மாணவன் ஒருவனின் பெயரில் கோடு இல்லை. கணக்கில் கெட்டிக்காரன்.

மறுநாள் காலை அவன் வேலை செய்யும் பெட்ரோல் பங்கில்தான் வண்டியை நிறுத்தினேன். ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை, அவனே சொன்னான். "லீவு நாள் சார், டபுள் சம்பளம். காலைல ஆறுலேர்ந்து ராத்திரி ஆறு. முடிச்சிட்டு வந்து பார்த்தேன், வரிசை கேட்டுக்கு வெளிய நின்னுச்சு." என் கட்டைவிரல் மையைப் பார்த்தான். "கடைசி ஆள் எத்தனை மணிக்கு சார் போனாரு?"

"பன்னிரண்டு ஆயிட்டுது."

அவன் தலையாட்டிவிட்டு, கண்ணாடியைத் துடைக்க வாளியை எடுத்தான்.