சர்நேம் கட்டத்தில் அப்பா

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் பதினேழு வருடமாக நூலகராக இருக்கிறேன். கருத்தரங்குகளுக்குப் போய் வந்தால்தான் பதவி உயர்வுக் கோப்பு நகரும். அதற்காகப் போகிறேன் என்று வீட்டில் சொல்வேன். பாதிதான் உண்மை. எங்கள் கல்லூரியில் இயற்பியல் துறையில் ஆறு பேர் இருக்கிறார்கள், சண்டை போடவாவது ஆள் உண்டு. நூலகர் என்றால் நான் ஒருத்திதான். நூலகப் பட்டியலை வைத்திருக்கும் கோஹா மென்பொருளில் ஒரு சிக்கல் என்று புலம்பினால் கேட்பதற்கு எங்கள் நூலக உதவியாளர் அண்ணன் மட்டும்தான். "சரி பண்ணிரலாம்மா" என்பார், என்னவென்று கேட்காமலே.

போன மாதம் மதுரையில் இரண்டு நாள் தேசியக் கருத்தரங்கம். எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். சாப்பாடு நன்றாகப் போட்டார்கள்.

பதிவுக்கு ஒரு கூகுள் ஃபார்ம். பெயருக்கு இரண்டு கட்டம்: ஃபர்ஸ்ட் நேம், சர்நேம். இரண்டிலும் சிவப்பு நட்சத்திரம். எனக்கு சர்நேம் என்று எதுவும் இல்லை, ஓர் இனிஷியல்தான். அதைப் போட்டேன், குறைந்தது மூன்று எழுத்து வேண்டும் என்றது. மூன்று புள்ளி வைத்துப் பார்த்தேன், அதுவும் ஆகவில்லை. கடைசி நாள், ராத்திரி பதினொரு மணி. அப்பா பெயரை முழுதாக அடித்து அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் அங்கே படிக்கப் போன கட்டுரையே இந்தப் பெயர்ச் சிக்கலைப் பற்றியதுதான்.

உ.வே.சாமிநாதையரை எடுத்துக்கொள்ளுங்கள். உ என்பது உத்தமதானபுரம், ஊர். வே என்பது வேங்கடசுப்பையர், அப்பா. அவருடைய பெயர் கடைசியில்தான் வருகிறது. நூலகர்களுக்குக் குலதெய்வம் மாதிரியான எஸ்.ஆர்.ரங்கநாதனும் அப்படித்தான்: சீர்காழி, ராமாமிர்தம், ரங்கநாதன். 1931-இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை எழுதிய அந்த மனிதரை வெளிநாட்டுக்காரர் யாராவது 'மிஸ்டர் ரங்கநாதன்' என்று மரியாதையாகச் சொன்னால், அறியாமலே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்று அர்த்தம். நம்முடைய இந்த வழக்கம் நூலகப் பட்டியல் விதிகளை எழுதியவர்களுக்குத் தெரியாததும் இல்லை. 1978-இல் வந்த ஏஏசிஆர்2 என்கிற பட்டியல் விதிகளில் கன்னடம், மலையாளம், தமிழ், தெலுங்குப் பெயர்களுக்கென்றே தனியாகச் சொல்லியிருக்கிறது: குடும்பப் பெயர் இல்லையென்றால் ஆளின் சொந்தப் பெயரிலேயே பதிவு செய். விதி இருந்து என்ன, ஃபார்ம் தயாரிக்கிறவர்கள் அதைப் படிப்பதில்லை.

எங்கள் பட்டியலை நான் கொஞ்சம் தோண்டிப் பார்த்திருந்தேன். சாமிநாதையர், சாமிநாத ஐயர், உ.வே.சா., ஆங்கில எழுத்தில் ஒன்று என்று ஒரே தாத்தா நாலு ஆளாக இருந்தார். சிதம்பரம் பிள்ளை வேறு, சிதம்பரனார் வேறு. தமிழ்த் துறைப் பிள்ளை ஒன்றைத் தேடினால் இன்னொன்று வராது. 'இல்லை மேடம்' என்று போய்விடும், புத்தகம் அலமாரியில் இருக்கும். அப்புறம் தலைப்பெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று 2021 டிசம்பரில் அரசாணை வந்தது. நல்ல விஷயம்தான், எனக்குப் பிடித்தது. ஆனால் பழைய அட்டையில் 'எஸ்.' என்று இருந்தவர் புதிய பதிப்பில் 'சு.' ஆனால் பட்டியலில் இன்னோர் ஆள் பிறந்துவிடுகிறார்.

முதல் நாள் காலை குத்துவிளக்கு, பொன்னாடை, நினைவுப் பரிசு, குழுப் படம். சிறப்பு விருந்தினர் செயற்கை நுண்ணறிவு பற்றி ஒன்றே கால் மணி நேரம் பேசினார். அதை ஈடுகட்ட எங்களுக்கு ஆளுக்கு ஏழு நிமிடம் என்றார்கள். பதினாலு ஸ்லைடில் ஒன்பதாவது ஓடும்போது மணி அடித்துவிட்டது. ஒரே ஒரு கேள்வி வந்தது. கேள்வி கேட்டவர் தன்னுடைய முனைவர் பட்டத் தலைப்பை எங்களுக்குச் சொல்வதற்காகக் கேட்டார்.

சாயங்காலம் நாலு பேர் சேர்ந்து புது நத்தம் சாலையில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போனோம். 2023 ஜூலை 15-இல் திறந்தது, நான் அப்போதுதான் முதல்முறை உள்ளே போகிறேன். நூலகர்கள் இன்னொரு நூலகத்தில் நடந்துகொள்வது பார்க்கப் பரிதாபமாக இருக்கும். ஒருவரும் புத்தகத்தை விரிக்கவில்லை. முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணையே பார்த்துக்கொண்டு நடந்தோம். இடம் மாறி நின்ற ஒன்றை எங்களில் ஒருவர் சரியான இடத்தில் செருகினார், சொந்த வீட்டில் செருப்பை ஒழுங்குபடுத்துகிற மாதிரி.

இரண்டாம் நாள் நிறைவு விழாவில் சான்றிதழ் கொடுத்தார்கள். என் கையில் வந்ததில் அப்பா பெயர் கொட்டை எழுத்தில். என் பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கி அதன் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதாவது கருத்தரங்கில் கட்டுரை படித்தவர் என் அப்பா. நான் அவருக்கு இனிஷியல்.

திருத்தம் செய்யும் மேசைக்குப் போனால் எனக்கு முன்னால் பதினோரு பேர். மேசையில் இருந்த மாணவி, "மேடம், சர்நேம்ல நீங்கதானே இதைப் போட்டீங்க?" என்றாள். தப்பே இல்லாத கேள்வி. கேரளத்திலிருந்து வந்த ஒருவர் வீட்டுப் பெயரோடு நின்றார். தேனிக்காரர் ஒருவருக்கு ஊரே சர்நேம் ஆகியிருந்தது. எல்லோரும் நூலகர்கள், எல்லோருக்கும் தப்பான பெயர். பேச்சு தானாகவே கோஹாவுக்குப் போய்விட்டது.

நீங்கள் 100 டேக்கில், அதாவது ஆசிரியர் பெயர் எழுதும் இடத்தில், முதல் இண்டிகேட்டர் என்ன போடுகிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். பெயர் எந்த வடிவில் இருக்கிறது என்று சொல்லும் எண் அது. நான் எப்போதும் 1 என்றேன். திரையில் அப்படித்தான் வந்து நிற்கும், மாற்றியதே இல்லை. அவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. 'சாமிநாதையர், உ.வே.' என்று பெயரைத் திருப்பிக் காற்புள்ளி போட்டு எழுதினால் 1. நேராக எழுதினால், அல்லது புதுமைப்பித்தன் மாதிரி ஒற்றைப் பெயர் என்றால், 0. நான் பாதியைத் திருப்பியும் பாதியை நேராகவும் எழுதி, எல்லாவற்றுக்கும் 1 போட்டு வைத்திருக்கிறேன். இதைப் பற்றி மேடையில் வேறு பேசிவிட்டு வந்திருக்கிறேன்!

எது சரியான வடிவம் என்று தேனிக்காரரும் கேரளக்காரரும் மல்லுக்கு நின்றார்கள். வரிசையில் கடைசியாக நின்ற ஓய்வு பெற்ற ஐயா ஒருவர்தான் தீர்த்து வைத்தார். "எதையாவது ஒண்ணை வச்சுக்கங்கம்மா. அத்தாரிட்டி ரெக்கார்டு ஒண்ணு போட்டு மத்த வடிவத்தையெல்லாம் 400-ல தள்ளுங்க. பிள்ளைங்க எதை அடிச்சாலும் அங்க வந்து சேரும்." ஓர் ஆளின் எல்லாப் பெயர் வடிவங்களையும் ஒரே பதிவில் கட்டிவைக்கும் அந்தப் பகுதி கோஹாவில் இருப்பது எனக்குத் தெரியும். தொட்டதில்லை, பயம்தான். ஆரப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது பல்கலை நகர் தாண்டுவதற்குள், கருத்தரங்கில் கொடுத்த நோட்டில் நாற்பது பெயர் எழுதிவிட்டேன். திங்கட்கிழமை முதலில் உ.வே.சா.வைத்தான் ஒன்று சேர்த்தேன். இப்போது எண்பது எழுத்தாளர் முடிந்திருக்கிறார்கள். உதவியாளர் அண்ணன் இந்த முறை நிஜமாகவே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்.

கல்லூரி ஆபீஸில் அந்தச் சான்றிதழை வாங்கவில்லை. "இது யாரு மேடம்?" என்றார் கண்காணிப்பாளர். ஓ.டி. என்கிற வெளிப்பணி விண்ணப்பத்தில் ஒரு பெயர், சான்றிதழில் ஒரு பெயர், ஆடிட்டில் மாட்டும் என்றார். திருத்தியது மூன்று வாரம் கழித்துத் தபாலில் வந்தது.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது பழையதை அப்பாவிடம் காட்டினேன். ஐந்தாவது வரை படித்தவர், ஆங்கிலம் தெரியாது. படித்துச் சொன்னேன்.

"நான் எப்ப தாயி மதுரைக்குப் போயிப் பேசுனேன்?"

சிரித்து முடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அப்புறம் அதைத் திருப்பித் தரவில்லை. திருத்தியது என் கோப்பில் இருக்கிறது. பழையது ரேஷன் கார்டும் பட்டாவும் வைத்திருக்கும் அவருடைய மஞ்சப்பையில்.