நாயின் சிகிச்சைக்கு உதவி கேட்கிறீர்களா? முதலில் எஸ்டிமேட்டை வாங்குங்கள்

"எங்கள் நாய்க்கு உடம்பு ரொம்ப முடியவில்லை, முடிந்தவர்கள் உதவுங்கள்" என்று மட்டும் எழுதினால் ஆறுதல் வார்த்தைகள் நிறைய வரும். பணம் வராது. எவ்வளவு, யாரிடம், எப்போதைக்குள் என்று தெரியாமல் யாரும் கையை நீட்ட மாட்டார்கள். இந்த மூன்றுக்கும் பதில் மருத்துவமனை எஸ்டிமேட்டில் இருக்கிறது.

வாயால் சொல்லும் தொகையை வைத்துக்கொண்டு இறங்காதீர்கள். கன்சல்டேஷன், ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே அல்லது ஸ்கேன், மயக்க மருந்து, ஆபரேஷன், வார்டுக்கு ஒரு நாள் வாடகை, மருந்து என்று வரிவரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். பல இடங்களில் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று இரண்டு தொகை போட்டிருப்பார்கள். கேட்கும்போது அதிகபட்சத்தையே சொல்லுங்கள். குறைவாகச் சொல்லிவிட்டு நாலாம் நாள் மறுபடி வந்து நின்றால், முதலில் கொடுத்தவருக்கே சந்தேகம் வரும்.

நோய்க்கு நோய் செலவு விழும் விதம் வேறு. கர்ப்பப்பையில் சீழ் பிடித்தால் பெரும்பகுதி ஒரே அடியாக, ஆபரேஷனுக்கு முன்பே வேண்டியிருக்கும். பார்வோ என்ற வைரஸ் நோய் அப்படியில்லை. ட்ரிப்ஸும் வாந்தி நிறுத்தும் ஊசியுமாக 5 முதல் 7 நாள்வரை வார்டில் கிடக்கலாம். அங்கே தினக் கணக்குதான் பில்லை ஏற்றுகிறது. ஆகவே ஒரு நாள் செலவு இவ்வளவு, இத்தனை நாள் ஆகலாம் என்று எழுதுவதே சரி. உண்ணிக் காய்ச்சலில் எர்லிக்கியா என்ற கிருமி என்றால் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் வழக்கமாக 28 நாள் போகும்; ரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கையை மறுபடி பார்க்க வேண்டும். வீட்டுக்கு அனுப்பிய பிறகு வரும் இந்தச் செலவைத்தான் முக்கால்வாசிப் பேர் கணக்கில் விட்டுவிடுகிறார்கள்.

ஊரிடம் கேட்கும் முன் டாக்டரிடமே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "இந்தப் பரிசோதனையின் முடிவு எப்படி வந்தாலும் சிகிச்சை மாறுமா?" மாறாது என்றால் அதைத் தள்ளிப்போடலாமா என்று பேசலாம். மருந்தை வெளியே வாங்கிக்கொள்ளச் சீட்டு, அதே மருந்து ஜெனரிக்கில், தவணையில் கட்டும் வசதி, இவையெல்லாம் வாய்விட்டுக் கேட்டால்தான் கிடைக்கும். மிச்சம் பிடிக்கிறேன் என்று மனிதர்களின் வலி மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஐபுப்ரோஃபென் நாயின் குடலைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் கெடுக்கும். பிறகு பில் இரண்டு மடங்கு. வயிறு உப்பி, குமட்டியும் ஒன்றும் வெளியே வராமல் தவிக்கிறது என்றால் எஸ்டிமேட், பதிவு எதற்கும் நிற்காமல் ஓடுங்கள். வயிறு முறுக்கிக்கொண்டிருந்தால் மணிக்கணக்கில்தான் அவகாசம்.

எழுதும் விதத்துக்கு ஒரு மாதிரி:

"4 வயதுப் பெண் நாய், 22 கிலோ. கர்ப்பப்பையில் சீழ் என்று ஸ்கேனில் உறுதியாகியுள்ளது. நாளைக் காலை 10 மணிக்கு ஆபரேஷன். எஸ்டிமேட்டில் மூன்றில் ஒரு பங்கைக் கட்டிவிட்டோம். மீதி நாளைக் காலை 9 மணிக்குள் வேண்டும். கேஸ் எண்ணைக் குறிப்பிட்டு மருத்துவமனைக் கணக்கிலேயே செலுத்தலாம். அடுத்த தகவல் நாளை மாலை 6 மணிக்கு."

பங்கு என்ற இடத்தில் உண்மைத் தொகையைப் போடுங்கள். இதில் கண்ணீர் இல்லை, கடவுள் இல்லை. படிப்பவர் சரிபார்த்துக்கொள்ள எல்லாம் இருக்கிறது. படம் ஒன்று போதும், முகம் தெளிவாகத் தெரியட்டும். ரத்தம் வழியும் படத்தைக் கண்டால் பலர் பார்க்காமலேயே தள்ளிவிடுவார்கள். எஸ்டிமேட்டின் படத்தில் உங்கள் முகவரியையும் போன் எண்ணையும் மறைத்துவிடுங்கள்.

தேதியையும் கேஸ் எண்ணையும் படத்தின் மேலேயே எழுதுவது முக்கியம். ஃபார்வர்ட் ஆகும்போது படம் ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் பிரிந்துபோகும். தேதி இல்லாத படம் நாய் குணமான பிறகும் வருஷக்கணக்கில் சுற்றும். கணக்கு எண்ணை மாற்றிப் போட்டுத் தன் பைக்குத் திருப்புகிறவர்களும் உண்டு. மருத்துவமனையைக் கூப்பிட்டு உறுதி செய்துகொள்ளுங்கள் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். நிதி திரட்டும் தளங்களில் கட்டணப் பிடித்தம் இருக்கலாம், பணம் கைக்கு வரச் சில நாள் ஆகலாம். டெபாசிட்டோ இன்றே கேட்பார்கள். அந்த இடைவெளிக்குக் கைமாற்று தர ஒருவரை முன்கூட்டியே பிடித்து வையுங்கள்.

பணம் தர முடியாதவரிடமும் கேட்க ஒன்று இருக்கிறது. ரத்தம் ஏற்ற வேண்டிய நிலை என்றால் தானம் தரும் நாய் வேண்டும்: பொதுவாக 25 கிலோவுக்கு மேல், 1 முதல் 8 வயதுக்குள், தடுப்பூசி போட்டது, இதற்கு முன் ரத்தம் ஏற்றிக்கொள்ளாதது. இதைத் தனி வரியாக எழுதுங்கள். பத்தி நடுவே புதைத்தால் கண்ணில் படாது.

பணம் மிஞ்சினால் எங்கே போகும் என்பதை முதல் பதிவிலேயே சொல்லிவிடுங்கள். நாய் பிழைக்காமல் போனால் என்ன செய்வீர்கள் என்பதையும் சேர்த்து. எழுதக் கை வராதுதான். ஆனால் அப்போதும் பில் நிலுவையில் நிற்கும், அந்த நேரத்தில் இதைப் பேசும் நிலையில் நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

தொகை சேர்ந்ததும் பதிவை அழிக்க வேண்டாம். "போதும், இனி அனுப்பாதீர்கள்" என்று தேதியோடு அதன் தலைப்பிலேயே எழுதி, கடைசி பில்லின் படத்தைக் கீழே போடுங்கள். பழைய ஃபார்வர்டைப் பார்த்துத் தேடி வருகிறவர் கண்ணில் முதலில் அதுதான் பட வேண்டும்.