ஐந்துக்கு ஒன்றரை

லட்டைட்டுகள் யார்? 1811ல் இங்கிலாந்தில் மிஷின்களை உடைக்கத் தொடங்கிய தொழிலாளிகளைப் பற்றிய ஐந்து மார்க் கேள்வி. விடைக்குறிப்பின் முதல் வரி, "இயந்திரங்களை வெறுத்தவர்கள்." அந்தப் பையன் எழுதியிருந்தது: "மெஷின் மேல் அவர்களுக்குக் கோபம் இல்லை. கூலியைக் குறைத்தவர்கள் மேல்தான்." ஒன்றரை போட்டேன்.

பேப்பர் கொடுத்த அன்று ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றான். "எங்கப்பா ஓவர்லாக் டைலருங்க சார். மிஷினைத் தொட்டுக் கும்பிட்டுட்டுத்தான் உட்காருவாரு. பீஸ் ரேட்டைக் குறைச்சாத்தான் சத்தம் போடுவாரு. இவங்களும் அப்படித்தானுங்களே?"

"இங்கிலாந்து சமூக வரலாற்றுப் பேப்பர்ல திருப்பூர்க் கதை எழுதக் கூடாது தம்பி."

"சரிங்க சார்." போய்விட்டான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருக்கலாம்.

நான் செய்தது முழுத் தப்பில்லை. அவன் விடையில் ஆண்டு இல்லை, ஊர் இல்லை. யார்க்‌ஷயரில் கம்பளித் துணியின் மேல் மயிரை வெட்டிச் சமப்படுத்தும் மழிப்பு வேலை செய்தவர்கள் உடைத்தது தங்கள் பிழைப்பையே பறித்த மிஷினைத்தான். ஆனால் நாட்டிங்ஹாம்? காலுறை பின்னும் சட்டகம் அங்கே புதிதல்ல, 1589லேயே கண்டுபிடித்தது. 1811ல் அதை உடைத்தவர்கள் அதிலேயே தலைமுறையாகப் பிழைத்தவர்கள். அகலத் துணியாகப் பின்னி, வெட்டித் தைத்து, மட்டமான காலுறையை மலிவாகத் தள்ளிய முதலாளிகளின் சட்டகங்களாகப் பார்த்து உடைத்தார்கள். இதெல்லாம் நான் பிறகுதான் படித்தேன். வெட்டித் தைப்பதுதானே அவன் அப்பா தொழிலும், அதைச் சொல்லி மடக்கியிருக்கலாமே என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பாருங்கள், இன்னும் மடக்கத்தான் நினைக்கிறேன்.

பிரெஞ்சுப் புரட்சி கவிஞர்களை மாற்றியது, ஆலைகள் ஜனங்களை மாற்றின என்று இரண்டு தலைப்பாகப் பிரித்து நடத்துவது எங்கள் வழக்கம். கவிஞர் பைரனுக்கு மட்டும் ஒரு முழு ஹவர். 1812 பிப்ரவரி 27, பிரபுக்கள் சபையில் அவருடைய முதல் பேச்சு. சட்டகம் உடைத்தால் மரண தண்டனை என்ற மசோதாவை எதிர்த்து. குரலை ஏற்றி இறக்கி நடத்துவேன். மசோதா நிறைவேறியதும், அடுத்த ஜனவரியில் யார்க்கில் 17 பேரைத் தூக்கில் போட்டதும் மணியடிக்கும் நேரத்தில் ஒரு வரியாகப் போய்விடும்.

மறுவாரம் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் 'லிரிக்கல் பேலட்ஸ்' தொகுப்புக்கு எழுதிய 1800 முன்னுரை. சாதாரண ஜனங்கள் பேசுகிற பேச்சுக்குக் கவிதையில் இடம் உண்டு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் தலை நிமிராமல் குறிப்பெடுத்தான்.

மார்க்கைத் திருத்தியிருக்கலாம்தான். ஒருவனுக்குத் திருத்தினால் அறுபது பேரும் வருவார்கள். இந்த வருடம் விடைக்குறிப்பு தயாரித்தது நான். முதல் வரியை மாற்றவில்லை.