லங்காவித் தீவுல பாய்மரம் பழகுறோம்

2025 பிப்ரவரி 7, வெள்ளி. நாகர்கோவில்

நாளைக்கு ராத்திரி திருவனந்தபுரத்துல இருந்து ஃப்ளைட்டு, கோலாலம்பூர் எறங்கி அங்கருந்து லங்காவி. அங்க பாய்மரப் போட்டுலயே தங்கி, பாய் கட்டி ஓட்டப் பழகப் போறோம். உருட்டுற சூட்கேஸ் வேண்டாம், போட்டுக்குள்ள வைக்க எடம் கெடையாது, மடிச்சு சொருகற துணிப்பை போதும்னு மெயில்ல சொல்லிட்டாங்க, என் வீட்டுக்காரி ஜெனி காலைல இருந்து பேக் பண்ணுறதும் பிரிக்கிறதுமா இருக்கா. மலேசியாவுக்கு இப்ப நமக்கு விசா வேண்டாம், ஆன்லைன்ல அரைவல் கார்டு மட்டும் போட்டா மதி. ஏன் பிப்ரவரின்னு ஆபீஸ்ல கேட்டாங்க. இந்த நேரத்துல அங்க வடகிழக்கு காத்து நிலையா அடிக்கும், மழை கம்மி, நாட்டுக்கு மேக்குப் பக்கமா ஒதுங்கி கெடக்கறதால அலையும் பெருசா எழும்பாது, புதுசா பழகுறவங்களுக்கு அதான் சீசன். மீனவ ஊரு முட்டத்துக்காரன் காசு குடுத்து கடலுக்கு போறானேன்னு சித்தப்பா சிரிக்காரு. சிரிக்கட்டும். எங்க தலைமுறைக்கு எஞ்சின் கயிறு இழுக்கத் தெரியும், பாய் கட்டத் தெரியாது.

பிப்ரவரி 9, ஞாயிறு. குவா, லங்காவி டவுனு

போட்டு 36 அடி. எங்களோட ஜெனி ஃப்ரெண்டும் அவ வீட்டுக்காரரும், மார்த்தாண்டத்துக்காரங்க. போட்டுக்கு கேப்டன், ஸ்கிப்பர்னு சொல்லுவாங்க, பினாங்குத் தமிழர், அண்ணேன்னுதான் கூப்பிடறோம், மலேசியாக்காரங்க மாதிரி வாய்க்கு வாய் 'லா' போடறாரு. முதல் பாடம் பாயும் இல்ல கயிறும் இல்ல, டாய்லெட். கைப்பம்பு அடிச்சு கடத்தண்ணிய உள்ள இழுக்கணும், அப்புறம் லீவர மாத்தி வெளிய தள்ளணும், பேப்பர் போட்டா அடைச்சுக்கும், அடைச்சவங்கதான் கழட்டணும். எல்லாரும் ரொம்ப கவனமா கேட்டோம்.

பிப்ரவரி 10, திங்கள்

காத்து வேகம் பத்து நாட் (knot), அதாவது மணிக்கு 18 கிலோமீட்டருக்கு மேல. மெயின (பெரிய பாய்) ஏத்தி ஜிப்ப (முன்பாய்) விரிச்சு எஞ்சின அணைச்சாரு பாருங்க, அந்த நிமிஷம் தண்ணி ஓடுற சத்தம் மட்டும்தான். எனக்கு எஞ்சின் சத்தம் இல்லாத கடலே தெரியாது.

காத்து எங்கருந்து வருதோ அங்க நேரா போவ முடியாதுன்னு தெரியும், ஆனா எவ்வளவு சாய்ஞ்சு போவலாம்ங்கறது ஸ்டியரிங்க புடிச்சாத்தான் புரியுது. ஏறக்குறைய 45 டிகிரி, அதுக்கு மேல மூக்க காத்துப் பக்கம் கொண்டு போனா பாய் படபடன்னு அடிச்சு வேகம் செத்துப் போவுது. ஜிப்போட முன் ஓரத்துல ரெண்டு பக்கமும் நூல் ஒட்டி வச்சிருக்கு. ரெண்டும் நேரா பின்னால பறந்தா சரி. காத்து படற பக்கத்து நூல் துள்ளுச்சுன்னா ரொம்ப மேல, காத்துப் பக்கமா போயிட்டோம், கொஞ்சம் எறக்கணும். மறுபக்கத்து நூல் தொங்குச்சுன்னா கயிற இளக்கணும், இல்லன்னா மேல ஏறணும். நான் நூலயே பாத்துட்டு இருந்தேன், கழுத்து புடிச்சிக்கிச்சு. ராத்திரி ஊருல பழைய கட்டுமரக்காரரான மாமாவுக்கு வீடியோ அனுப்புனா உடனே வாய்ஸ் மெசேஜ்: "எலே மக்களே, நூல என்னத்துக்கு பாக்க, ரெண்டு காதுலயும் காத்து ஒண்ணுபோல அடிக்கற வரைக்கும் தலைய திருப்பு, மூக்கு நிக்கற பக்கந்தான் காத்து." அண்ணேகிட்ட போட்டுக் காட்டுனேன். நாளைக்கு பாடத்துல அதையே எங்களுக்கு சொல்லிக் குடுக்கப் போறாராம்!

பிப்ரவரி 12, புதன். தயாங் புந்திங் தீவு

கடலுக்கு பக்கத்துலயே நல்ல தண்ணி ஏரி, நடுவுல சுண்ணாம்புப் பாறை ஒரு சுவரு மாதிரி. குளிச்சாச்சு. கொரங்குங்க சிப்ஸ் பாக்கெட்ட பிடுங்கிட்டு போச்சு, நாகர்கோவில் நேந்திரங்கா சிப்ஸ், அதுங்களுக்கும் ருசி தெரியுது.

சாயங்காலம் நங்கூரம் போடறது எங்க வேலை. இன்னைக்கு பௌர்ணமி, கடல் ஏத்தம் பெருசு. நம்ம முட்டத்துல ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் ஒரு மீட்டர் கூட வித்தியாசம் வராது, இங்க இந்த மாதிரி நாள்ல மூணு மீட்டர் கிட்ட. அதனால இப்ப 7 மீட்டர் ஆழம்னு மீட்டர் காட்டுனாலும் ராத்திரி ஏறப்போறத சேத்து 10ன்னு வைக்கணும், அதுக்கு அஞ்சு மடங்கு, 50 மீட்டர் சங்கிலி. அவ்வளவு நீளம் எதுக்குன்னா, சங்கிலி தரையில படுத்து கெடந்தாத்தான் இழுப்பு மேலாக்க வராம கிடையா வரும், நங்கூரம் மண்ணுல குத்தி நிக்கும். நெட்டுக்குத்தா இழுத்தா பேந்து வந்துரும். போட்டுட்டு எஞ்சின பின்னால குடுத்து, கரையில ஒரு மரத்தையும் அதுக்குப் பின்னால ஒரு பாறையையும் நேர்கோட்டுல வச்சு, நகருதான்னு பாத்துட்டே நின்னோம். நகரல. அப்புறம்தான் டீ.

பிப்ரவரி 13, வியாழன்

காத்தே இல்ல. நீச்சல், மேகி, தூக்கம். செம்பருந்து நெறைய.

பிப்ரவரி 14, வெள்ளி

மதியம் கெழக்க கறுத்துச்சு. ரீஃப் போடலாமான்னு, அதாவது பாயக் கொறைக்கலாமான்னு தோணும்போதே போட்டுரணும்னு அண்ணே. ஆளுக்கொரு கயிறா, மெயின பாதி எறக்கி கட்டுனோம், காத்து வந்து சேரும்போது போட்டு நிமிந்து போச்சு, ஜெனிதான் ஸ்டியரிங். கல்யாண நாளுக்கு கூட இவ்வளவு சந்தோஷமா அவ மொகத்த பாத்தது இல்லன்னு சொன்னேன், அடி விழுந்துச்சு.

பிப்ரவரி 18, செவ்வாய். முட்டம்

மாமா வீடியோ எல்லாத்தையும் ஃபோன தூரத்துல புடிச்சு பாத்தாரு. பாயப் பத்தி ஏக்கமா பேசுவாருன்னு நெனச்சேன், ஒண்ணும் இல்ல. கட்டுமரத்துல வெளுப்புக்கு முந்தி கரைக்காத்துல வெளிய போயி மதியம் கடக்காத்துல திரும்புவாங்களாம், காத்து செத்துட்டா துடுப்பு போட்டே வரணும், பாய்க்கு தண்ணி தெளிச்சுத் தெளிச்சு தோள் கழண்டு போவும். எஞ்சின் வாங்குன அன்னைக்கே பாய வெட்டி அத்தை கருவாடு காயப்போட விரிச்சிட்டாங்களாம். "அத தேடிப் போயி காசு குடுத்துட்டு வந்திருக்க."

ஆனா நங்கூரத்த மட்டும் விடல. சங்கிலி எத்தன பாகம் (ரெண்டு கைய விரிச்ச நீளம் ஒரு பாகம்), அடி மண்ணா சேறா, காத்து திரும்புனா போட்டு எந்தப் பக்கம் சுத்தும், பக்கத்து போட்டுல முட்டாதா, எல்லாம் கேட்டாரு. 50 மீட்டர்னா இருபத்தேழு பாகம் வரும்னு கணக்கு போட்டு, இங்க பாறையில அத்தனையும் மாட்டிக்கும்னாரு. அப்புறம் தூண்டி போட விடுவாங்களான்னு கேட்டாரு. போட்டோம் மாமா, பின்னால கயிறு விட்டுட்டே போனோம், ஒண்ணும் மாட்டலன்னேன்.

"அத்தன நாள் கடல்ல கெடந்து ஒரு நெத்திலி கூட இல்லாமயா லே வந்த?"ன்னு அத்தைய கூப்பிட்டு சொல்லிச் சிரிக்காரு. அடுத்த தடவ அவருக்கும் சேத்து டிக்கெட் போடலாம்னு ஜெனி சொல்லுதா. பாஸ்போர்ட் எடுக்கணும்.